வெள்ளிக்கிழமைக் கூட்டம்

அத்தியாயம் பதினான்கு

நதியா எலுமிச்சைச் சோற்றை இரண்டு டப்பாக்களில் அடைத்தாள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அவளுக்கு. ஒரே ரோட்டில் வேலை செய்தாலும் மத்தியானம் இருவரும் தனித்தனியாகத்தான் சாப்பிடுவார்கள்.

இளங்கோவன் சைக்கிள் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குதானே?"

"ஆமா நைனா."

"எத்தினி மணிக்கு?"

"பத்தரைக்கு ஒண்ணு. ஒண்ணரைக்கு ஒண்ணு."

அவர் டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் டவுன் பக்கம் சைக்கிளை மிதித்தார்.

இன்று வெளியாகும் படத்தின் பெயர் 'ஆமையூர் எக்ஸ்பிரஸ்'. ரயில் ஓட்டும் ஓர் ஆமையின் கதை. முழுக்கக் கம்ப்யூட்டரில் வரைந்த குழந்தைகள் படம். அதில் மழையும் ஆறும் கடலும் வரும் காட்சிகளில் மூன்று வருடம் வேலை செய்தவன் ஜான்சன், நதியாவின் தம்பி. மகன் பெயரை இளங்கோவன் வாயால் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

அம்மா கங்கையம்மாள் இறந்த அன்று ஜான்சன் சென்னையில் இருந்தான். ஒரு காட்சியை முடித்து அனுப்பிவிட்டு வருவதாகச் சொன்னான். அவன் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் மூடி, பூ வைத்து, பாதிரியாரும் போய்விட்டிருந்தார். இளங்கோவன் அவனை ஏனென்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றுகொண்டார். சாயங்காலம் ஜான்சன் பஸ் ஏறினான்.

*

தியேட்டரில் நானூற்று எண்பது இருக்கைகள். அதற்கு நதியா மேனேஜர். முதலாளி வேணுகோபால் அவளை வேலைக்கு வைத்திருந்தது ஒரே ஒரு காரணத்துக்காக. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் அவள் ஒரு நம்பர் சொல்வாள். மிஞ்சிப்போனால் பத்துப் பேர் கூடும், அல்லது பத்துப் பேர் குறையும்.

குடும்பப் படம் என்றால் அவள் போஸ்டரையும் டிரெய்லரையும் பார்ப்பதில்லை. வேன்களை எண்ணுவாள்.

கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கினால் பதினெட்டுப் பேர் இருப்பார்கள். எட்டுப் பெண்கள் கடைக்குள் மெத்தையில் உட்காருவார்கள். முகூர்த்தப் புடவை ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாலு மணி நேரம் ஆகும். பிள்ளைகள் முதல் அரை மணியிலேயே அழத் தொடங்கும். ஒரு மாமாவோ சித்தப்பாவோ அவற்றைக் கூட்டிக்கொண்டு வெளியே வருவார். கோயிலை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அடுத்து சினிமாதான்.

வேன் கணக்கு அப்பாவிடமிருந்து வரும். பெரிய பட்டுக்கடை ஒன்றின் பார்க்கிங்கில் டோக்கன் கொடுப்பது அவர் வேலை. இன்று எத்தனை வண்டி, நாளைக்கு எத்தனை பார்ட்டி போன் செய்து சொல்லியிருக்கிறார்கள், இரண்டும் அவருக்குத் தெரியும். ஒன்பது வருடமாகச் சொல்லி வருகிறார். அப்பாவும் மகளும் ஒரு நாளில் பேசுவதில் பாதி அந்தக் கணக்குதான்.

பத்தரைக் காட்சிக்குத் தொண்ணூற்று ஆறு பேர் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"முப்பத்தியொரு வண்டிம்மா."

"என்னாது?"

"முப்பத்தியொண்ணு. எடம் இல்லாம எதிர்ல காலி மனையில உடறோம். வெச்சிடறேன், ஹாரன் அடிச்சிக்கினே இருக்கறான்."

வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு வண்டி வரும். தை மாதமானால் பதினைந்து. முப்பத்தொன்று ஏன் என்று நதியா யோசிக்கத் தொடங்கினாள். அதற்குள் மறுபடியும் போன் அடித்தது. திரையில் ஜான்சன் பெயர்.

"அக்கா."

"சொல்லுடா."

"எப்படி இருக்குது?"

அவளைத்தான் கேட்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

"மார்னிங் ஷோ தொண்ணூத்தி ஆறு. மேட்னி நல்லா வரும்போல இருக்குது."

"நல்லான்னா?"

"முன்னூறுக்கு மேல."

மறுமுனையில் அவன் யாரிடமோ அதைச் சொன்னான். யாரோ கை தட்டினார்கள்.

"அக்கா, எல்லா ஊர்லயும் டல்லா போய்க்கினு இருக்குது. டீம்ல யாருக்கும் மூஞ்சியே இல்ல. நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படி. நாளைக்கு ஈவினிங் ஷோ உண்டா?"

"அஞ்சு மணிக்குத்தான் தெரியும். ஓனர் முடிவு பண்ணணும்."

"இருந்தா வரேன். மத்தியானம் வரைக்கும் ஆபீஸ். முடிச்சிட்டு பஸ் புடிச்சா ஆறுக்கு வந்துடுவேன்." குரலைத் தாழ்த்தினான். "நைனாவும் வந்தாருனா மூணு பேரும் பாக்கலாம்."

"ம்."

"வீட்டுக்கு வரலக்கா. தியேட்டருக்குத்தான்."

அவன் வைத்ததும் அவள் அப்பாவைக் கூப்பிட்டு, ஈவினிங் ஷோ இருந்தால் நாளைக்கு அவன் வருவதாகச் சொன்னாள்.

*

ஒன்றரைக் காட்சிக்கு வாசலில் சத்தம் தாங்கவில்லை. திண்டிவனம், வேலூர், திருத்தணி, எங்கெங்கிருந்தோ பிள்ளைகள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தவை. டிக்கெட் கொடுத்த ரேணுகாம்பாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலூர்க்காரர் ஒருத்தர் ஆறு புள்ளைங்களோட வந்தாரு. படம் எவ்ளோ நேரம்னு கேட்டாரு. ரெண்டு மணி நேரம்னேன். பத்தாதே, இன்னொரு படம் இருக்குதானு கேக்கறாரு. அவரு சம்சாரம் இன்னும் பொடவை பார்டருக்கே வரலயாம்."

"எத்தினி போச்சு?"

"முன்னூத்தி எழுவத்தி ஒண்ணு."

நதியா பின்கதவைத் திறந்து உள்ளே போனாள். திரையில் மழை பெய்தது. பிறகு ஆறு வந்தது. அகலமான, பழுப்பு நிற ஆறு. கரையில் பனை மரங்கள். ஆமை பாலத்தின் மேல் ரயிலை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தது. பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்கள். தண்ணீரில் ஒரு பனம்பழம் முங்கி முங்கிப் போனது.

அன்று அவன் அனுப்பிவிட்டு வருவதாகச் சொன்ன காட்சி இதுவாக இருக்குமோ? தெரியாது. அவன் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

படம் முடிந்ததும் விளக்குகள் எரிந்தன. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாமாக்கள் போனில் "இன்னும் முடியலையா" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார்கள். திரையில் பெயர்கள் வெளிச்சத்தில் மங்கலாக ஏறிக்கொண்டிருந்தன. நதியா காலி இருக்கைகளுக்கு நடுவில் நின்று படித்தாள். மூன்று வரிசையாகப் பெயர்கள். ஜா என்று ஒன்று தொடங்கியது. படிப்பதற்குள் ஆபரேட்டர் பழனி படத்தை நிறுத்திவிட்டான். அடுத்த காட்சிக்கு முன் ஹாலைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அப்படித்தான் நிறுத்துவான்.

*

நாலு மணிக்கு வேணுகோபால் கூப்பிட்டார்.

"நதியாம்மா, மெட்ராஸ்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டர் போன் மேல போன். வெள்ளிக்கிழமையே இப்படின்னா சனி, ஞாயிறு என்னாகும்ன்றான். நாலு ஷோவும் இதுக்கே குடுங்கன்றான்."

"மத்த ரெண்டு ஷோ ஓடற ஹீரோ படம் சார்?"

"அது ரெண்டாவது வாரம்தானே. எடுத்துட்டோம்னா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தியேட்டருக்குப் போயிடும். திரும்பி வராது. அதான் உன்னைக் கேக்கறேன். அஞ்சு மணிக்கு ஆன்லைன் புக்கிங் தெறக்கணும். நம்பர் சொல்லு."

"அஞ்சுக்கு சொல்றேன் சார்."

"என் மருமவன் எல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்ன்றான். நதியா நம்பர் ஒரு தபா தப்பட்டும், அப்பறம் பேசுனு நான் அவனை நிறுத்தி வெச்சிருக்கறேன். ஞாபகம் வெச்சிக்கோ."

அவள் பார்க்கிங்குக்கு நடந்தாள். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நடந்தாள்.

வண்டிகள் கலைந்துகொண்டிருந்தன. இளங்கோவன் ஒரு வேனைப் பின்னால் வரச்சொல்லிக் கையசைத்துவிட்டு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"என்னா கூட்டம்? புள்ளைங்க எல்லாம் அங்கதான் வந்துச்சாமே."

"முன்னூத்தி எழுவத்தி ஒண்ணு."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு தடவை ஆட்டினார்.

"நாளைக்கு எத்தினி பார்ட்டி நைனா?"

அவர் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்தார். திறந்தார். கண்ணாடி போடாமலே பார்த்தார்.

"நாப்பது."

"நாப்பதா?"

"போன் பண்ணிருக்கறாங்க. ஞாயித்துக்கெழமையும் அதே மாதிரிதான். எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள்.

"நாளைக்கு சாயங்காலம் லீவு சொல்லிட்டேன்" என்றார். "டோக்கனை மணிவண்ணன் பாத்துக்கறேன்னான்."

"எதுக்கு லீவு?"

"சும்மாதான்." ஒரு கார் வந்தது. அவர் டோக்கன் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

*

நாலரை. நதியா ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நாற்பது வண்டி. ஒரு வண்டிக்குப் பத்துப் பேர். நானூறு. அதோடு சின்னக் கார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள். மேட்னி நானூற்று எண்பதும் நிறையும். ஈவினிங் முந்நூறு. அந்த முந்நூறில் மூன்று பேர் எந்த வரிசையில் உட்காருவார்கள் என்றுகூட யோசித்துவிட்டாள்.

ரேணுகாம்பாள் டீ கொண்டுவந்து வைத்தாள். சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் பதினொண்ணுக்கு வரட்டுமா? பேத்திக்குக் காது குத்தற தேதி கேக்க ஐயரைப் பாக்கணும். நாளு நல்லாருக்குதா பாரேன்."

நதியா வெள்ளிக்கிழமைத் தாளை விரலால் தூக்கினாள். சனிக்கிழமை. கீழே சின்ன எழுத்தில் திதி. அஷ்டமி. அதையும் தூக்கினாள். ஞாயிறு, நவமி.

"என்னா, நல்ல நாளா?"

"அஷ்டமி."

"அய்ய. அப்ப திங்கக்கெழமை பாத்துக்கறேன்."

ரேணுகாம்பாள் போய்விட்டாள். நதியா தாளைப் பிடித்தபடி நின்றாள்.

அஷ்டமியிலும் நவமியிலும் யாரும் முகூர்த்தப் புடவை எடுக்க மாட்டார்கள். ஒரு வண்டிகூட வராது. சனி, ஞாயிறு வர வேண்டியவர்கள் லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமையே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்தொரு வண்டிக்கு அதுதான் காரணம். ஹாலில் சத்தம் போட்ட முந்நூற்று எழுபத்தொரு பேரும் நாளைக்கு வர வேண்டிய ஆட்கள். ஒரு நாள் முன்னால் வந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் காலண்டரைப் பார்ப்பாள். நேற்று பார்க்கவில்லை. நேற்று முழுக்க வாசலில் போஸ்டர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மறந்தாள். சரி. பார்க்கிங்கில் ஒன்பது வருடமாக இருப்பவருக்கு அஷ்டமி மறக்காது. அஷ்டமியானால் அவர் செய்தித்தாள் எடுத்துக்கொண்டு போவார். வரி விடாமல் படித்துவிட்டு வருவார். அன்று ராத்திரி மட்டும் உலகச் செய்தி பேசுவார்.

நாற்பது என்றார். கண்ணாடி போடாமல்.

மணி நாலு ஐம்பது. அப்பாவின் நம்பரையே சொல்லலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. இன்றைய கூட்டமே சாட்சி. நாளை சாயங்காலம் மூன்று பேரும் உட்காரலாம். நானூற்று எண்பது இருக்கையில் முப்பது பேர் இருப்பார்கள். ஜான்சன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அதற்குப் பிறகு வேணுகோபால் அவளிடம் எதையும் கேட்க மாட்டார்.

போனை எடுத்தாள்.

"சொல்லும்மா."

"நாளைக்கு மார்னிங் ஷோ அறுவது பேரு. மேட்னி குடுத்தாலும் அறுவதுதான். ஈவினிங் முப்பது."

"என்னாம்மா சொல்ற? இன்னிக்கு முன்னூத்தி எழுவது பாத்தியே."

"நாளைக்கு அஷ்டமி சார். நாளன்னிக்கு நவமி."

அவர் பக்கத்தில் தாள் சரசரத்தது. அவர் வீட்டிலும் காலண்டர் இருந்தது.

"உங்கப்பா என்ன சொன்னாரு? அவரு லிஸ்ட்?"

"அவரு இன்னும் குடுக்கல சார்."

"ம்." தாள் மறுபடியும் சரசரத்தது. "உன் தம்பி வேலை செஞ்ச படமில்ல இது?"

"ஆமா சார்."

"சரி. ரெண்டு நாளும் மார்னிங் ஷோ மட்டும் இதுக்குக் குடு. மிச்சம் மூணும் ஹீரோ படம். பழனியாண்ட சொல்லு, போஸ்டர்ல டைம் போட்ட பட்டையை மாத்தட்டும்."

அவள் பழனியிடம் சொன்னாள். அவன் பசை வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

*

ஆறரைக்கு பார்க்கிங் காலியாக இருந்தது. ஒரே ஒரு வேன் நின்றது. டிரைவர் முன்சீட்டில் தூங்கினான். அவன் கூட்டி வந்த பார்ட்டி இன்னும் உள்ளே இருந்தது. இளங்கோவன் ஸ்டூலில் உட்கார்ந்து மத்தியானச் சோற்றை இப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காலைக் காட்சி மட்டும்தான் நைனா" என்றாள் நதியா. "சாயங்காலம் இல்ல."

அவர் மென்றார்.

"என்னா நம்பர் சொன்ன?"

"அறுவது."

"நான் நாப்பது வண்டின்னேனே."

"நாளைக்கு அஷ்டமி."

"ம்."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு என்னாண்ட பொய் சொன்ன?"

அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. கையால் அமுக்கினார்.

"நீ கண்டுபுடிச்சிடுவன்னு தெரியும். கண்டுபுடிச்சாலும், கண்டுபுடிக்காத மாதிரி இருப்பன்னு நெனச்சேன்."

நதியா பக்கத்திலிருந்த சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தாள்.

"அதே முப்பது பேருதான் நைனா வந்திருப்பாங்க. நான் என்னா நம்பர் சொன்னாலும்."

"இன்னிக்கு மாதிரி நாளைக்கும் நடந்துடாதானு ஒரு நெனப்பு." அவர் ரோட்டைப் பார்த்தார். "அந்தப் படத்துக்காகத்தானே அன்னிக்கு வராம இருந்தான். அது ஆளு இல்லாம ஓடறதை அவன் பாக்கக் கூடாதும்மா. வேற ஊர்ல எப்படியோ போவட்டும். இங்க பாக்கக் கூடாது."

இரண்டு வருடத்தில் அவர் மகனைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. பெயரை மட்டும் சொல்லவில்லை.

"அவனாண்டயே இதைச் சொல்லேன்" என்றாள்.

"என்னாத்த சொல்றது."

"நாளைக்குக் காலையில பத்தரைக்கு வா. வண்டியே வராதே. உனக்கு என்னா வேலை இங்க?"

"வண்டி வரலன்னாலும் ஆளு இருக்கணும்."

"மணிவண்ணனை காலையிலயே வரச் சொல்லு."

கடை வாசலில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பெரிய பெரிய பைகள். தூக்கத்தில் தோளில் கிடந்த பிள்ளைகள். இளங்கோவன் எழுந்து போய் டிரைவரைத் தட்டி எழுப்பினார்.

நதியாவின் போன் அடித்தது.

"அக்கா, புக்கிங்ல ஈவினிங் ஷோ காட்டலையே. மார்னிங் மட்டும்தான் இருக்குது."

"ஆமாடா. நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"நாளைக்கு அறுவது பேருதான் வருவாங்க. அஷ்டமி. இன்னிக்கு வந்தது நாளைய கூட்டம்."

பின்னால் ஆபீஸ் சத்தம் இல்லை. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள் போலிருந்தது.

"இங்க கேக் வெட்டிட்டாங்கக்கா" என்றான். "காஞ்சிபுரத்துல படம் பிக்கப் ஆயிடுச்சுனு சொல்லி."

"டீம்ல சொல்லிடு."

"சொல்றேன்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அறுவது பேரு பாக்கறதுக்கு நான் எதுக்கு வரணும்? ஆபீஸும் இருக்குது. அப்பறம் ஒருநாள் பாத்துக்கலாம்."

"அப்பறம் இருக்காதுடா. திங்கக்கெழமை எடுத்துடுவாங்க."

"நைனா வருவாரா?"

வேன் பின்னால் வந்துகொண்டிருந்தது. இளங்கோவன் அதன் பின்பக்கத்தைக் கையால் தட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். வா, வா, வா, போதும். அவளிடமிருந்து பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

"வருவாரு" என்றாள் நதியா. "லீவு சொல்லிட்டாரு."

"நெஜமாவா?"

"நான் எப்பனா தப்பா சொல்லிருக்கறனா?"

"காலையில அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்குது" என்றான். போன் கட்டானது.

வேன் ரோட்டில் ஏறித் திரும்பியது. அதன் சத்தம் அடங்கியது. இளங்கோவன் காதில் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் சங்கிலியை இழுத்துக் கொக்கியில் மாட்டினார். சரியாக மாட்டியிருந்ததைக் கழற்றி, மறுபடியும் மாட்டினார்.